ஓவர்கிளாக் செய்த பிராசசருக்கு எந்த வேக ரேம்: 2666, 3200, 3600, 4000?

"பிராசசரை 4.6 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிட்டேன் அண்ணே, ரேம் மட்டும் 2666-இல் நிற்கிறது. ஈடு கட்ட 4000 வாங்கிப் போடட்டுமா?" மலேசியாவின் சுங்கை சிப்பூட்டில் என் மேசைக்கு இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. கேட்பவர்களில் ஹீவுட், எல்பில் தோட்டப் பக்கத்துப் பிள்ளைகள் உண்டு. தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வாடகைக்கு இருந்து கல்யாண வீடியோ தொகுப்பவர்கள் உண்டு. ஈப்போவில் வேலை முடித்து வந்து விடிய விடிய விளையாடுகிறவர்களும் உண்டு. பெரும்பாலோரிடம் இருப்பது ஏஎம்டியின் ஏஎம்4 வகை மதர்போர்டும் (இனி பலகை என்பேன்) ரைசன் 5 3600 அல்லது 5600 பிராசசரும். சிலரிடம் கிராபிக்ஸும் உள்ளேயே அடங்கிய 5600ஜி. 2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்தில், தவறான ஜோடியை வாங்கி அலமாரியில் போட்டுவைக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே ஒவ்வொரு வழியையும் நிறுத்துப் பார்த்துவிடுவோம்.

## எதற்கு எது ஈடு?

4.0-க்கு 3200, 4.6-க்கு 4000 என்று ஒரு கணக்குப் பலர் மனத்தில் இருக்கிறது. அது வெறும் கற்பனை அல்ல. பழைய காலத்தில் உண்மையாக இருந்த கணக்கின் மிச்சம். 2007-இல் வந்த இன்டெல் கோர் 2 குவாட் கியூ6600-ஐப் பாருங்கள். அதன் பஸ் (பிராசசர் மற்ற பாகங்களோடு பேசும் பாதை) 266 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 9, பெருக்கினால் 2.4 கிகாஹெர்ட்ஸ். பெருக்கியை ஒன்பதுக்கு மேல் ஏற்ற வழியில்லை. அதனால் பஸ்ஸை ஏற்றினார்கள்: 333-க்கு ஏற்றினால் 3.0, 400-க்கு ஏற்றினால் 3.6. ரேமின் கிளாக்கும் அதே பஸ்ஸோடு ஒரு விகிதத்தில் கட்டப்பட்டிருந்தது. ஒன்றுக்கு ஒன்று என்று வைத்தால் 333-க்கு டிடிஆர்2-667 வேண்டும், 400-க்கு டிடிஆர்2-800 வேண்டும். பிராசசரை ஏற்றியவர் ரேமையும் இழுத்துக்கொண்டே ஏறினார். அன்றைக்கு "எவ்வளவு ஏற்றப் போகிறாய்?" என்று கேட்காமல் ரேம் வாங்கிக் கொடுக்க முடியாது.

2011-இல் இன்டெல் சாண்டி பிரிட்ஜ் வந்ததும் அந்தக் கட்டு அவிழ்ந்தது. அடிப்படைக் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய ஆணி அடித்ததுபோல் நின்றுவிட, பெருக்கியை மட்டும் ஏற்றுவது வழக்கமாயிற்று. ரைசனிலும் அப்படித்தான்: 100 பெருக்கல் 46, அதாவது 4.6 கிகாஹெர்ட்ஸ். ரேம் வேறொரு பெருக்கியில் தன் பாட்டுக்கு ஓடுகிறது. கோர்கள் 4.2-இல் ஓடினாலும் 4.7-இல் ஓடினாலும் ரேமிடம் அவை புதிதாக ஒரு வேகத்தைக் கோருவதில்லை.

அப்படியானால் ரேம் எதோடு ஒத்துப்போக வேண்டும்? ரைசனுக்குள் மூன்று கிளாக்குகளைக் கவனிக்க வேண்டும். ரேமின் கிளாக் ஒன்று. பிராசசருக்குள்ளேயே இருக்கும் மெமரி கன்ட்ரோலரின் கிளாக் இன்னொன்று. கோர்களையும் கன்ட்ரோலரையும் இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கின் கிளாக் மூன்றாவது. டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு அனுப்புவதால், 3600 என்று பெட்டியில் போட்டிருந்தால் அதன் உண்மையான கிளாக் 1800 மெகாஹெர்ட்ஸ். மூன்றும் 1800-இல் ஓடினால் தரவு எங்கும் காத்திருக்காமல் போகும். 2017-இல் வந்த முதல் ரைசனில் ஃபேப்ரிக் எப்போதும் ரேமோடு கட்டுண்டே ஓடியது. 2019-இல் வந்த ரைசன் 3000 வரிசையில்தான் இரண்டையும் பிரித்து வைக்க வழி வந்தது. வழி வந்ததும் குழப்பமும் கூடவே வந்தது.

ஒரேயொரு விதிவிலக்கு. பெருக்கியை விட்டுவிட்டு அடிப்படைக் கிளாக்கை 100-லிருந்து 102-க்கு ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது 3600 ரேம் 3672 ஆகிறது, ஃபேப்ரிக் 1836 ஆகிறது, வட்டு இணைப்புகளின் கிளாக்கும் சேர்ந்து நகர்கிறது. ஏஎம்4-இல் இதைச் செய்து பெறும் லாபம் அற்பம், தலைவலி பெரிது. இந்த வழியைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் ஒத்திசைவு. மூன்று கிளாக்கும் ஒன்றாக ஓடுமா, ஓடாதா? ரைசன் 3000, 5000 வரிசைகளில் ஏறக்குறைய எல்லாப் பிராசசரும் ஃபேப்ரிக்கை 1800 வரை ஏற்றுகின்றன. 1900 அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இரண்டாவது உண்மையான தாமதம். பெட்டியில் சி.எல்.16, சி.எல்.18 என்று போட்டிருப்பது துடிப்புகளின் எண்ணிக்கை, நேரம் அல்ல. நேரமாக மாற்ற அந்த எண்ணை 2000-ஆல் பெருக்கி ரேம் வேகத்தால் வகுத்தால் போதும், நானோவினாடி கிடைக்கும். 3200 சி.எல்.16 சரியாகப் பத்து நானோவினாடி. 3600 சி.எல்.18-உம் பத்துதான். இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பார்க்காமல் யாரும் பணப்பையைத் திறக்கக் கூடாது என்பேன்.

மூன்றாவது நிலைத்தன்மை, அதுவும் நம் ஊர் மத்தியான வெயிலில். நான்காவது முழுச் செலவு: ரேம் விலையோடு சோதனைக்குப் போகும் நேரம், கூடுதல் காற்றாடி, பழுதானால் திருப்பி அனுப்பும் தபால் செலவு எல்லாம் சேர்த்து. ஐந்தாவது, கணினியில் என்ன வேலை நடக்கிறது என்பது. கிராபிக்ஸ் கார்டு மூச்சுமுட்டி ஓடும் விளையாட்டில் ரேமை மாற்றிப் பயன் கிடையாது. பிராசசர் தடுமாறும் விளையாட்டில், அதிலும் நொடிக்கு 144 சட்டங்கள் (பிரேம்கள்) வேண்டும் என்று நிற்பவருக்கு, வித்தியாசம் தெரியும்.

அட்டவணையில் அகலம் என்பது ரேம் நொடிக்கு அனுப்பக்கூடிய தரவின் அளவு; இரட்டைச் சேனல் என்றால் இரண்டு ரேம்கள் இரண்டு பாதைகளில் சேர்ந்து ஓடுவது. விலையை அட்டவணையில் சேர்க்கவில்லை. இன்று எழுதும் விலை அடுத்த மாதம் பொய்யாகிவிடுகிறது.

| ரேம் | தாமதம் (நானோவினாடி) | இரட்டைச் சேனல் அகலம் (நொடிக்கு கிகாபைட்) | ஒத்திசைவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| 2666 சி.எல்.19 | 14.25 | 42.7 | உண்டு, தாழ்ந்த கிளாக்கில் | கையில் இருப்பதை முறுக்கி ஓட்டுபவர் |
| 3200 சி.எல்.22 | 13.75 | 51.2 | உண்டு | அலுவலக வேலை |
| 3200 சி.எல்.16 | 10.0 | 51.2 | உண்டு | பெரும்பாலோர் |
| 3600 சி.எல்.18 | 10.0 | 57.6 | உண்டு | விலை நெருக்கமாக இருந்தால் |
| 3600 சி.எல்.16 | 8.9 | 57.6 | உண்டு | பிராசசர் சார்ந்த விளையாட்டு |
| 4000 சி.எல்.18 | 9.0 | 64.0 | பெரும்பாலும் இல்லை | 5600ஜி போன்றவை |

கடைசி வரியின் 9.0 ஆளை ஏமாற்றும் எண். அது ரேம் சில்லுக்குள் ஆகும் தாமதம் மட்டும். வழியில் ஆகும் தாமதம் அதில் இல்லை.

## கையில் இருக்கும் 2666-ஐ முறுக்குவது

பணம் செலவாகாத வழி, ஆகவே முதலில் இதையே பார்க்கச் சொல்வேன். 1.2 வோல்ட்டில் ஓடும் சாதாரண 2666 ரேம்களில் பல, 1.35 வோல்ட் கொடுத்துத் தாமத எண்களைக் கொஞ்சம் தளர்த்தினால் 3000, 3200 வரை வருகின்றன. உள்ளே இருக்கும் சில்லைப் பொறுத்தது அது. மைக்ரானின் இ-டை வகையாக இருந்தால் இன்னும் மேலேயே போகும். சில்லின் வகையைப் படித்துச் சொல்லும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ரேமைக் கழற்றி ஒட்டுத்தாளைக் கிழிக்க வேண்டியதில்லை, கிழித்தால் உத்தரவாதமும் போய்விடும்.

மறைந்திருக்கும் செலவு உங்கள் நேரம். ஒரு படி ஏற்று, மறுபடி துவக்கு, சோதி, விழுந்தால் பயாஸ் (பலகையின் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கு. பள்ளி விடுமுறையில் இருக்கும் பையனுக்கு இது பாடம். வெள்ளிக்கிழமை வீடியோவை ஒப்படைக்க வேண்டியவருக்கு இது தண்டனை.

இரண்டு எட்டு கிகாபைட் ரேம் ஏற்கெனவே வைத்திருப்பவர், கணினியை இன்னும் ஓராண்டு ஓட்டிவிட்டு மாற்றப்போகிறவர், இவர்களுக்கு இதுவே சரியான வழி. ஒரே ஒரு ரேமை வைத்து ஒற்றைச் சேனலில் ஓடிக்கொண்டிருந்தால் கதை வேறு. அங்கே முறுக்குவதைவிட அதே வகையில் இரண்டாவதை வாங்கிப் போடுவது பல மடங்கு பலன் தரும், ஏனென்றால் அகலம் அப்படியே இரட்டிப்பாகிறது. பிராசசரை 4.6-க்கு ஏற்றிவிட்டு ரேமை ஒற்றைச் சேனலில் விட்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

## 3200 சி.எல்.16

ரைசன் 5 5600-க்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் 3200. பயாஸில் எக்ஸ்.எம்.பி.யை (பெட்டியில் போட்ட வேகத்தை ரேமுக்குத் தானே அமைக்கும் வசதி) தட்டினால் ஓடும், சோதனையில் தேறும், மறந்துவிடலாம். கன்ட்ரோலருக்கு அதிக வோல்ட் வேண்டாம், சூடும் குறைவு.

பலர் கவனிக்காத ஒரு நன்மையும் இதில் உண்டு. 5600-இன் மொத்த மின் வரம்பு, தொழிற்சாலை அமைப்பில், 76 வாட். ஃபேப்ரிக்கையும் கன்ட்ரோலரையும் மேலே தள்ளினால் அவை குடிக்கும் வாட்டும் இந்த 76-க்குள்ளேதான் வரும். கோர்களுக்குக் கிடைப்பது அந்த அளவுக்குக் குறையும். பெருக்கியைக் கையால் பூட்டி 4.6 என்று நிறுத்தினால் இந்த வரம்பு பொருட்டல்ல. ஆனால் தானாக ஏறி இறங்கும் பூஸ்டை நம்பி ஓட்டுபவர் ரேமை ஏற்றியதால் கோர் வேகம் சற்றே இறங்குவதைப் பார்க்கலாம். பிராசசர் ஓவர்கிளாக்கும் ரேம் ஓவர்கிளாக்கும் உண்மையிலேயே ஒன்றோடொன்று மோதும் இடம் இதுதான்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: 3200 என்று மட்டும் எழுதி, சி.எல். எண்ணைச் சின்ன எழுத்தில் மறைத்து விற்பார்கள். சி.எல்.22 ரேமும் 3200 ரேம்தான். அட்டவணையில் அதன் தாமதத்தைப் பாருங்கள், 2666-ஐவிட அரை நானோவினாடிதான் குறைவு.

## 3600, ஒன்றுக்கு ஒன்று

ரைசன் 3000 வரிசை வந்தபோது ஏஎம்டியே விலைக்குத் தகுந்த வேகம் என்று கைகாட்டியது 3600 சி.எல்.16-ஐ. அந்தப் பரிந்துரை 5000 வரிசைக்கும் செல்லும். ஃபேப்ரிக் 1800, கன்ட்ரோலர் 1800, ரேம் 1800. எல்லாம் ஒரே தாளத்தில்.

ஆனால் 3600 என்ற ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் விற்கின்றன. சி.எல்.18 ஜோடி 3200 சி.எல்.16-ஐவிட அகலத்தில் எட்டில் ஒரு பங்கு கூடுதல், தாமதத்தில் சமம். ஃபேப்ரிக் 1600-லிருந்து 1800-க்கு ஏறுவதால் வழியில் ஆகும் தாமதமும் கொஞ்சம் குறைகிறது. விளையாட்டில் இது ஒற்றை இலக்க விழுக்காட்டு ஆதாயம்; கண்ணால் கண்டுபிடிப்பவர் அபூர்வம். எனவே சி.எல்.18-க்கும் 3200-க்கும் விலை வித்தியாசம் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்குள் இருந்தால் மட்டும் வாங்குங்கள். சி.எல்.16 ஜோடி வேறு தரம். சில்லுகளில் தேர்ந்தெடுத்தவை அதில் இருக்கும், விலையும் அப்படியே இருக்கும். பிராசசர் திணறும் விளையாட்டுகளை ஆடுகிறவர், நல்ல கிராபிக்ஸ் கார்டு ஏற்கெனவே வைத்திருப்பவர், அவருக்கு இந்தக் கூடுதல் பணம் வீண் இல்லை.

நான்கு இடங்களையும் ரேமால் நிரப்ப ஆசைப்படுகிறவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள். ரைசன் 5000-க்கு ஏஎம்டி தரும் அதிகாரபூர்வ எண்களைப் பாருங்கள்: இரண்டு ரேம் என்றால் 3200, ஒற்றை ரேங்க் (சில்லுகள் ஒரே தொகுதியாக உள்ள) ரேம் நான்கு என்றால் 2933, இரட்டை ரேங்க் நான்கு என்றால் 2666. நான்கு போட்டு 3600 எடுப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அது பலகையும் பிராசசரும் தரும் தயவு. 32 கிகாபைட் வேண்டுமானால் இரண்டு பதினாறாக வாங்குங்கள். "இப்போது இரண்டு எட்டு, பிறகு இன்னும் இரண்டு எட்டு" என்ற திட்டம் இன்னொரு வகையிலும் கவிழும்: ஒரே பெயர், ஒரே எண் போட்ட பெட்டியில் அடுத்த ஆண்டு வேறு சில்லு வரலாம். பழையதும் புதியதும் தனித்தனியே 3600-இல் ஓடும், சேர்ந்தால் ஓடாது.

பலகையில் எந்த இடத்தில் செருகுவது என்பதும் முக்கியம். இன்றைய நான்கு-இடப் பலகைகளில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். முதல் இரண்டில் அடுத்தடுத்துச் செருகி ஒற்றைச் சேனலில் ஓட்டிக்கொண்டு "3600 வாங்கியும் பயனில்லை" என்று சொன்னவர்களின் கணினிகளை நான் திறந்து பார்த்திருக்கிறேன்.

## 4000-உம் அதற்கு மேலும்

5600 போன்ற பிராசசரில் 4000 ரேமைப் போட்டுத் தானியங்கி அமைப்பில் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ரேம் 2000-இல் ஓடும். ஃபேப்ரிக் 1800-இல் நின்றுகொள்ளும். கன்ட்ரோலரோ பாதி வேகத்துக்கு, 1000-க்கு இறங்கிவிடும். மூன்றும் மூன்று தாளம். மொத்தத் தாமதம் பத்து நானோவினாடியோ அதற்கு மேலோ கூடும். அதிக விலை கொடுத்து வாங்கியவருக்கு 3200-காரரைவிட மந்தமான கணினி அமைகிறது. சோதனை மென்பொருளில் அகலம் பெரிய எண்ணாகத் தெரிவதால் அவர் மகிழ்ச்சியாகவே இருப்பார் என்பது வேறு.

ஃபேப்ரிக்கைக் கையால் 2000-க்கு ஏற்றி ஒத்திசைவை மீட்கலாமா? சில 5000 வரிசைப் பிராசசர்கள் ஏறுகின்றன. ஏறியபின் விண்டோஸின் நிகழ்வுப் பதிவைத் திறந்து பாருங்கள். டபிள்யூ.எச்.இ.ஏ. பிழை 19 என்று வரிசையாகக் குவிந்திருந்தால், ஃபேப்ரிக் தவறு செய்து திருத்தி, தவறு செய்து திருத்தி ஓடுகிறது என்று பொருள். கணினி நிற்காது, ஆனால் வேகம் கரையும். சில பிராசசர்கள் 1900-இல் துவங்க மறுத்துவிட்டு அதற்குச் சற்று மேலே துவங்கும் விசித்திரமும் உண்டு. இதையெல்லாம் ரசிப்பவருக்கு இது பொழுதுபோக்கு, மற்றவருக்குக் காசுக்கேடு.

ரேமைப் பிறகு வேறு கணினிக்கு மாற்றும் திட்டம் இருந்தால் 4000 ஜோடியை வாங்கி, இப்போதைக்கு 3600 சி.எல்.16-இல் இறக்கி ஓட்டலாம். விலை சமமாக இருக்கும்போது மட்டும்.

## கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு எல்லாம் தலைகீழ்

5600ஜி வைத்திருப்பவருக்கு மேலே சொன்னவற்றில் பாதி பொருந்தாது. அதன் உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. தடை எப்போதும் அகலத்தில்தான். இந்தப் பிராசசரில் கோர்களை 4.4-லிருந்து 4.6-க்கு ஏற்றினால் விளையாட்டில் ஒன்றும் தெரியாது. ரேமை ஒற்றை 2666-லிருந்து இரட்டை 3600-க்கு மாற்றினால் ஆட முடியாத விளையாட்டு ஆடக்கூடியதாகிறது.

அதோடு இன்னொரு நன்மை. 5600ஜி ஒரே சில்லாக வார்க்கப்பட்டது; 5600-ஐப் போல இரண்டு துண்டுகளை இணைத்தது அல்ல. அதனால் ஃபேப்ரிக் 2000-உம் அதற்கு மேலும் ஏறுவது அதில் சாதாரணம். 4000 ரேமை ஒன்றுக்கு ஒன்று ஓட்ட ஏஎம்4-இல் தகுந்த இடம் இதுதான். தோட்டத்துப் பிள்ளைகளில் பலர், கார்டு வாங்கப் பணம் சேரும்வரை என்று சொல்லி இந்தப் பிராசசரைத்தான் வைத்திருக்கிறார்கள். கார்டு அடுத்த ஆண்டு என்றால் 3600 போதும். கார்டே வேண்டாம், இதுதான் நிரந்தரம் என்றால் 4000-க்குப் போங்கள்.

ஏ520 வகைப் பலகை வைத்திருப்பவர்களும் ரேமில்தான் கவனம் வைக்க வேண்டும். அந்தப் பலகை பிராசசரை ஓவர்கிளாக் செய்ய விடாது, ரேமை விடும். கிடைத்த கதவு வழியே போக வேண்டியதுதான்.

## வெயிலும் இடியும்

குளிரூட்டிய அறையில் எடுக்கப்பட்ட சோதனை முடிவுகளைப் பார்த்து ரேம் வாங்குகிறோம். இங்கே மத்தியானம் மூன்று மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே அறை வெப்பம் 33, 34 டிகிரி. கணினிப் பெட்டிக்குள் அதற்கும் மேலே பத்து. சாதாரண அமைப்பில் டிடிஆர்4 சில்லு 85 டிகிரி வரை தாங்கும் என்பது தரநிர்ணயம். ஆனால் தாமத எண்களை இறுக்கி வோல்ட்டை ஏற்றி ஓட்டும்போது, சாம்சங் பி-டை போன்ற பெயர்பெற்ற சில்லுகள்கூட 50 டிகிரிப் பக்கத்திலேயே பிழை விடத் தொடங்கும்.

கல்யாண ஆல்பம் செய்கிற ஒருவரின் கணினியில் இதை நேரில் பார்த்தேன். காலையில் சோதனை ஓட்டினால் ஒரு பிழை இல்லை. மத்தியானத்துக்கு மேல், கிராபிக்ஸ் கார்டின் வெப்பமூச்சு நேரே ரேம் மேல் அடிக்கும்போது, படங்களில் சில பாதிக்குக் கீழே சாம்பல் பட்டையாகச் சேமிக்கப்பட்டன. திரை நீலமாகவில்லை, கணினி நிற்கவில்லை. மணப்பெண்ணின் முகத்துக்குக் கீழே சாம்பல் பட்டை, அவ்வளவுதான். 3600 சி.எல்.14 என்று இறுக்கி வைத்திருந்ததை சி.எல்.16-க்குத் தளர்த்தி, ரேமுக்கு நேரே ஒரு சின்னக் காற்றாடி பொருத்தியதும் சரியாயிற்று. கெட்டுப்போன படங்கள் கெட்டுப்போனவைதான். தரவு முக்கியமான தொழிலில் இருப்பவருக்கு நான் 3200-ஐ விட்டு மேலே போகச் சொல்லாததற்குக் காரணம் இதுவே.

இடிமழை இன்னொன்று. மின்சாரம் சட்டென்று போய் வந்தால் பலகை ரேமை மீண்டும் பழக்கிக்கொள்ள முயலும். விளிம்பில் நிற்கும் அமைப்பாக இருந்தால் அந்த முயற்சி தோற்று, பயாஸ் தானே பழைய வேகத்துக்கு இறங்கிவிடும். பலகையின் நாணய மின்கலம் தீர்ந்திருந்தாலும் இதே கதை. பிறகு மாதக்கணக்கில் 3600 ரேம் 2133-இல் ஊர்ந்துகொண்டிருக்கும், உரிமையாளருக்குத் தெரியாது. பணி மேலாளரில் நினைவகப் பக்கத்தைத் திறந்தால் வேகம் அங்கேயே எழுதியிருக்கும். இடி மழைக்குப் பிறகு ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மின்னல் பாதுகாப்புள்ள பிளக் பலகையின் விலையையும் ரேம் செலவோடு சேர்த்தே எண்ணுங்கள்.

உத்தரவாதம் பற்றி ஒரு வார்த்தை. எக்ஸ்.எம்.பி.யைத் தட்டுவதையும் ஓவர்கிளாக் என்றே பிராசசர் நிறுவனங்கள் கணக்கில் வைக்கின்றன. ரேமுக்கு "வாழ்நாள் உத்தரவாதம்" இருக்கலாம், ஆனால் இணையத்தில் வாங்கியதைக் கோலாலம்பூருக்கு அனுப்பி, மாற்று வரும்வரை கணினி சும்மா கிடக்கும். விலை சற்றுக் கூடினாலும் ஈப்போவில் யிக் ஃபூங் வளாகம் போன்ற இடத்தில் நேரில் வாங்கினால், மறுநாளே கொண்டுபோய் நீட்டலாம்.

## இன்டெல், டிடிஆர்5 வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக

இன்டெலில் இதே விஷயத்தின் பெயர் கியர். 2021-இல் வந்த 11-ஆம் தலைமுறையிலிருந்து, கியர் 1 என்றால் கன்ட்ரோலரும் ரேமும் ஒரே வேகம், கியர் 2 என்றால் கன்ட்ரோலர் பாதி. 12-ஆம் தலைமுறை கே வகை (பெருக்கி பூட்டப்படாத) பிராசசரில் டிடிஆர்4 என்றால் 3600 கியர் 1-ஐக் குறிவையுங்கள். கே இல்லாத பிராசசரில் கன்ட்ரோலருக்கான வோல்ட் பூட்டப்பட்டிருப்பதால் 3200-உடன் நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

டிடிஆர்5-இல் ரைசன் 7000-க்கு 6000 சி.எல்.30. அங்கே ரேமும் கன்ட்ரோலரும் 3000-இல் ஒன்றாக ஓடுகின்றன, ஃபேப்ரிக் 2000 அளவில் தனியே ஓடுவது இயல்பு. 6400-க்கு மேல் கன்ட்ரோலர் பாதிக்கு இறங்கும். இறங்கியதை ஈடுகட்ட 8000 அளவுக்குப் போக வேண்டும். அதற்கான பலகையின் விலையைக் கேட்டாலே ஆசை அடங்கிவிடும். 2023-இல் சில 7000 வரிசைப் பிராசசர்கள் கருகிய பிறகு, எஸ்.ஓ.சி. வோல்ட்டை (கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகும் மின்னழுத்தம்) 1.3-க்கு மேல் போகாதபடி பயாஸ் புதுப்பிப்பில் தடுத்தார்கள். பழைய பயாஸில் எக்ஸ்போவை (எக்ஸ்.எம்.பி. போன்ற ஏஎம்டியின் வசதி) தட்டாதீர்கள்.

13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்துக்கொண்டு, விளையாட்டு நடுவில் விழுகிறது என்று ரேமைக் குறை சொல்லுகிறவர்கள் முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள். அந்தப் பிராசசர்களுக்கே மின்னழுத்தக் கோளாறு இருந்தது. இன்டெல் 2024-இல் மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டு உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது.

## வாங்கி வந்த பின் சோதிக்கும் வரிசை

பிராசசரும் ரேமும் ஒரே நேரத்தில் ஓவர்கிளாக்கில் இருக்கும்போது கணினி விழுந்தால், யார் குற்றவாளி என்று கண்டுபிடிக்க முடியாது. ஆகவே பிராசசரைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பிவிட்டு ரேமை மட்டும் சோதியுங்கள். விண்டோஸைத் தொடாமல், பென்டிரைவிலிருந்து துவங்கும் மெம்டெஸ்ட்86 முதலில். ரேம் பிழை விட்டாலும் விண்டோஸ் கெட்டுப்போகாது. அது தேறியபின் விண்டோஸுக்குள் ஓடும் டெஸ்ட்மெம்5. பிறகு ரேமை 2666-க்கு இறக்கிவிட்டு, பிராசசரை 4.6-க்கு ஏற்றி, பிரைம்95-இல் சிறிய அளவுச் சோதனையை ஓட்டுங்கள். அது பிராசசரின் கேஷுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் ரேமைத் தொடாது. இரண்டும் தனித்தனியே தேறிய பிறகுதான் இரண்டையும் ஏற்றிவிட்டு, பிரைம்95-இன் பிளெண்டு சோதனையை (பிராசசரையும் ரேமையும் சேர்த்து வருத்துவது) ஓட்ட வேண்டும்.

மூன்றாவது கட்டத்தில் மட்டும் விழுந்தால், ரேமில் கை வைப்பதற்கு முன் கோர்களை 4.6-லிருந்து 4.5-க்கு இறக்கிப் பாருங்கள். சூடும் வோல்ட்டும் இறங்கி, பல கணினிகள் அதிலேயே சரியாகிவிடுகின்றன. எஸ்.ஓ.சி. வோல்ட் ஏஎம்4-இல் 1.1 அளவில் இருக்கட்டும், 1.2-ஐத் தாண்ட வேண்டாம். இந்தச் சோதனைகளை இரவில் ஓட்டிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கி, சன்னலைச் சாத்தி வைத்து ஓட்டுங்கள்.